கேள்வி பதில்: கடலில் ஜிபிஎஸ், பழைய கம்ப்யூட்டர், ஐப்பசி இடி

கேள்வி: திற்பரப்பு அருவியில் குளிக்கப் போன இடத்தில் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. அரிசிக்குள் போட்டு வைத்திருக்கிறேன். எத்தனை நாள் வைக்க வேண்டும்? (ஒரு வாசகி, குலசேகரம்)

பதில்: இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். காற்றில் வைத்தால் காய்வதைவிட அரிசியில் வேகமாகக் காயாது, அரிசித் தூளும் துணுக்கும் சார்ஜர் துளைக்குள் போய் அடைக்கும். ஆப்பிள் நிறுவனமே அரிசியில் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது. போனை அணைத்து, துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெதுவாகத் தட்டி, ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். அதுவரை சார்ஜ் போடவே கூடாது. அருவித் தண்ணீர் என்பதால் பிழைக்க வாய்ப்பு உண்டு. முட்டத்திலோ சொத்தவிளையிலோ கடலில் விழுந்திருந்தால் உப்பு உள்ளேயே தங்கி போர்டை அரிக்கும், அதை அன்றைக்கே கடையில் கொடுத்துத் திறந்து கழுவியாக வேண்டும்.

கேள்வி: அப்பா பைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் கிடைப்பதில்லை, போனில் மேப்பும் வருவதில்லை என்கிறார். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டுமா? நம் நாட்டு ஜிபிஎஸ்ஸான நாவிக் உள்ள போன் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? (கல்லூரி மாணவர், குளச்சல்)

பதில்: தம்பி, ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம். அப்பாவின் போனில் நின்று போவது மேப்பின் படம் மட்டும்தான், இடம் காட்டும் வேலை உள்ளே நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன, குறைந்தது நான்கின் குரலைக் கேட்டால் போன் தன் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். நம் பெரியவர்கள் கோயில் கோபுரத்தையும் பின்னால் தெரியும் மலையையும் ஒரே கோட்டில் சேர்த்துப் பார்த்து, இன்னொரு பக்கம் இன்னொரு கோடு பிடித்து, மீன் கூடும் கடலடிப் பாறையான பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்களே, அடிப்படையில் அதே யோசனைதான், இங்கே கோட்டுக்குப் பதில் தூரம்.

கரையில் நெட் இருக்கும்போது எந்தச் செயற்கைக்கோள் எங்கே நிற்கிறது என்ற விவரம் நெட் வழியாக உடனே வந்துவிடும். கடலில் அதே விவரத்தைக் கோளிடம் இருந்தே கேட்க வேண்டும், அதுவோ நொடிக்கு 50 பிட் வேகத்தில் 30 நொடிக்கு ஒருமுறை திருப்பிச் சொல்கிறது. வள்ளம் ஆடும்போது, போன் பைக்குள் இருக்கும்போது, நடுவில் ஒரு துண்டு விட்டுப்போனால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் கிளம்பும் முன் கரையிலேயே மேப்பைத் திறந்து நீலப் புள்ளி அசையாமல் நிற்கும் வரை வைத்திருக்கச் சொல். நம் பகுதி மேப்பை முதல் நாளே ஆஃப்லைனில் இறக்கி வைத்துவிடு.

இன்னொரு விஷயம், இதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். போன் பெரும்பாலும் 8.10 என்று தசமத்தில் காட்டும், படகில் உள்ள கருவி டிகிரி, நிமிடம் என்று காட்டும். 8.10 டிகிரி என்பது 8 டிகிரி 10 நிமிடம் இல்லை, 8 டிகிரி 6 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். அப்படியானால் இந்தக் குழப்பத்தில் ஏழு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய் நிற்போம். உதவி கேட்டு வயர்லெஸ்ஸில் இடம் சொல்லும்போது இந்தத் தப்பு நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். போன் செட்டிங்கில் மாற்ற முடிந்தால் மாற்றி வை, இல்லையென்றால் அப்பாவுக்குக் கணக்கைச் சொல்லிக் கொடு: புள்ளிக்குப் பின்னால் வருவதை 60 ஆல் பெருக்கினால் நிமிடம்.

நாவிக்குக்கு வருவோம். முதல் கோள் 2013 ஜூலையில் போனது. ஆனால் அது எல்5, எஸ் என்ற அலைவரிசைகளில் பேசியது, விலை குறைந்த போன்களின் சிப்புகளுக்கோ எல்1 மட்டும்தான் கேட்கும். 2023 மே மாதம் போன என்விஎஸ்-01 தான் எல்1-லும் பேசத் தொடங்கிய முதல் நாவிக் கோள். 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 போக வேண்டிய சுற்றுப்பாதையை அடையவில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். போன் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ எல்லாவற்றையும் சேர்த்தே கேட்கிறது என்பதால், நாவிக்குக்காக மட்டும் இப்போது புதுப் போன் வாங்காதே. ஜிபிஎஸ் டெஸ்ட் என்ற இலவச ஆப்பில் எந்த நாட்டுக் கோள் எத்தனை கேட்கிறது என்று பார்க்கலாம், மொட்டை மாடியில் நின்று பார், ஆசையாக இருக்கும்.

அந்தப் பணத்தை எச்சரிக்கை பெறும் கருவிக்கு வை. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் வந்த நாளில் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் பல நாள் தங்கி மீன் பிடிக்கும் தங்கு கடலில் இருந்தார்கள், செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இடம் தெரியாமல் நடந்த இழப்பு இல்லை அது. 2019-ல் வந்த ஜெமினி கருவி ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையை வாங்கி புளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும், டவர் தேவையில்லை. அது கேட்க மட்டும்தான் செய்யும், பேசாது. உதவி கேட்க, இஸ்ரோவின் இரண்டாம் தலைமுறை ஆபத்து அறிவிப்புக் கருவி இருக்கிறது, செய்தி கிடைத்துவிட்டது என்று கரையில் இருந்து பதிலும் வரும். மீன்வளத்துறை அலுவலகத்தில் இரண்டைப் பற்றியும் கேள். கடலோரக் காவல்படையின் எண் 1554, வீட்டில் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

கேள்வி: டியூஷன் சென்டரில் இரண்டு பழைய கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் இல்லை, புதுசு வாங்குங்கள் என்கிறார்கள். வினாத்தாள் எல்லாம் பாமினி எழுத்தில் இருக்கிறது. (ஆசிரியை, மார்த்தாண்டம்)

பதில்: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மைதான் டீச்சர். பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் உங்கள் பழைய பெட்டிகளில் இருப்பது சந்தேகம்தான். ஆனால் ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு வேகமான எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிப் பாருங்கள். பென்டிரைவிலேயே ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் மட்டும் ஏற்றலாம். பாமினி எழுத்துருக் கோப்பை அதிலும் நிறுவலாம், பழைய வினாத்தாள் அப்படியே தெரியும். புதிதாக அடிப்பதை மட்டும் யூனிகோடில் அடியுங்கள், தமிழ்99 விசைப்பலகை முறை அதிலும் உண்டு.

கேள்வி: ஐப்பசி இடியில் வருடம் ஒரு மோடம் போகிறது. ஃபைபர் கேபிள்தானே, அதில் எப்படி மின்சாரம் வருகிறது? (ஒரு வாசகர், தக்கலை)

பதில்: கண்ணாடி இழையில் வராது. ஆனால் வீட்டுக்கு இழுத்து வரும் கேபிளில் பாரம் தாங்க ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அது ஒரு வழி. அடாப்டர் செருகிய பிளக் இரண்டாவது வழி. மோடத்தில் இருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் ஒயர் மூன்றாவது. என் வீட்டில் ஒரு மாலை இடியில், பிளக்கைப் பிடுங்கியும் லேன் ஒயரை விட்டுவிட்டேன், கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டும் மோடமும் சேர்ந்து போயின. நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையைவிட ஐப்பசி, கார்த்திகை மாலைகளில்தான் இடி அதிகம். ஸ்பைக் போர்டு எர்த் சரியாக இருந்தால்தான் உதவும், எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். மேகம் கறுத்ததும் பிளக், லேன் இரண்டையும் கழற்றிவிடுங்கள். அந்த நேரத்திலும் நெட் வேண்டுமென்றால் போன் டேட்டா போதும்.