நூலக அறிவியல் படித்தவர்களே, உங்களால் மறக்க முடியாத ஆசிரியர் யார்?

கேள்வியோடு, "சேர்ந்து ரெண்டு மாசம் ஆச்சு, ஒன்றும் பிடிபடவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேறு படிப்புக்கு இடம் கிடைக்காமல் இங்கே வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி வந்தவள்தான். 1986-ல் பி.எஸ்சி. கணக்கு முடித்தேன், எம்.எஸ்சி. கிடைக்கவில்லை. "வீட்டில் சும்மா இருக்காதே" என்று சித்தப்பா பி.லிப். (நூலக அறிவியல் பட்டப்படிப்பு) விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

சாரின் பெயரை எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தபோதே தன் பெயர் நோட்டீசில் வருவதைக்கூட விரும்பாதவர்.

முதல் கிளாசிஃபிகேஷன் வகுப்பில், அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் போடும் பாடத்தில், கரும்பலகையில் நீளமாக ஒரு எண்ணை எழுதினார். எல் எழுத்தில் தொடங்கி, 45, 421, 6, 253 என்று போனது. நடுநடுவே கமா, அரைப்புள்ளி, கோலன். கடைசியில் 44, என்5. என்னை எழுப்பி, "படிம்மா" என்றார். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். "எண்ணாப் படிக்காதே, வாக்கியமாப் படி" என்றார். எல் மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்ரே, அடுத்து வரும் எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என்5 என்றால் 1950. நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே மூலம் சிகிச்சை அளிப்பதைப் பற்றி 1950-ல் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி. கோலன் பகுப்பு முறையை விளக்க எல்லாரும் காட்டுகிற உதாரணம்தான் இது, உங்களுக்கும் எழுதிப் போட்டிருப்பார்கள்.

எனக்கு அன்றைக்கு அது வித்தையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டாவது வாரமே சாரிடம் போய், படிப்பை விட்டு நின்றுவிடுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. இந்த கோலன் முறையை உருவாக்கிய ரங்கநாதனின் கதையைச் சொன்னார். சீர்காழியில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். பேச ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. சில நாளிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கல்லூரியில் வந்து நின்றார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். போனவர் அங்கே நூலகங்களைப் பார்த்தார், பொம்மைக் கடையில் மெக்கானோ என்கிற விளையாட்டுச் சாமானின் துண்டுகளைக் கோத்து விதவிதமாகச் செய்து காட்டியதையும் பார்த்தார். எண்களையும் அப்படிக் கோக்கலாம் என்று அங்கேதான் தோன்றியது. 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகள், 1933-ல் கோலன். "நீயும் கணக்கு, அவரும் கணக்கு. ஒரு செமஸ்டர் பாரும்மா" என்றார் சார். நான் இருந்துவிட்டேன்.

சொல்ல வந்தது இனிமேல்தான். பயிற்சிக்காக ஒரு பொது நூலகத்தில் ஒரு மாதம் எங்களைப் போட்டிருந்தார்கள். சார் வியாழக்கிழமைகளில் வந்து பார்ப்பார். அப்படி ஒரு வியாழக்கிழமை ஐம்பது வயது இருக்கும் ஒருவர் வந்து, இங்கிலீஷ்–தமிழ் டிக்ஷனரி வேண்டும் என்றார். ரெஃபரன்ஸ் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் ஒரே பக்கத்தையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டலாக் கார்டு அடுக்கிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. சார் கவனித்தார்.

அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்ன வார்த்தை தேடுறீங்கண்ணே?" என்றார். வந்தவர் சட்டைப்பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மகனுடையது. "பல்மனரி காக்ஸ்" என்று எழுதியிருந்தது. முதல் வார்த்தையைக் கண்டுபிடித்துவிட்டார், நுரையீரல். இரண்டாவது சாதாரண டிக்ஷனரியில் கிடைக்காது. அது 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கின் பெயர். காசநோய் என்று வெளிப்படையாக எழுதாமல் நம் டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். சார் மருத்துவ அகராதியைக் கொண்டுவந்து, அந்த இடத்தைக் காட்டி, தமிழில் சொன்னார். இது மருந்துக்குக் குணமாகும் நோய், பாதியில் நிறுத்தக் கூடாது என்று அதில் போட்டிருந்ததையும் வாசித்துக் காட்டினார். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சீட்டோடு வைத்துக்கொண்டு போனார்.

நூலகர் வைத்தியம் பார்க்கலாமா என்று யாராவது கீழே எழுதுவீர்கள். அவர் வைத்தியம் பார்க்கவில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடி வந்தவருக்கு அர்த்தம் இருக்கிற புத்தகத்தை எடுத்துக் காட்டினார், அது எங்கள் வேலை.

அவர் போன பிறகு சார் என்னிடம், "டிக்ஷனரி கேட்டார், கொடுத்தே. தப்பில்லை. ஆனா அவருக்கு வேண்டியது டிக்ஷனரி இல்லைம்மா" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கரும்பலகையில் இருந்த 45-ம் 421-ம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தன.

நூலக வேலைக்கான கோஹா மென்பொருள் வந்தாச்சு, கூகுள் வந்தாச்சு, கோலனை இப்போது யார் போடுகிறார்கள் என்பவர்களுக்கு: ஒப்புக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த கல்லூரியிலும் டியூயி என்கிற வேறு பகுப்பு முறைதான். ஆனால் எதிரில் நிற்பவர் வாய்விட்டுக் கேட்காததை இன்னொரு மனுஷிதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனசு பொறுக்கவில்லை. ரங்கநாதன் பாடுபட்டு 1948-ல் வந்தது சென்னைப் பொது நூலகச் சட்டம். அதனால்தான் இன்றைக்கும் நம் வீட்டு வரியோடு நூலக வரி சேர்ந்து வருகிறது. ஓய்வுபெற்ற பிறகு நான் தினமும் போகிற கிளை நூலகத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று முறை மனு கொடுத்தேன், பதில் இல்லை. வாசகருக்கு உரிய நூலைக் கொடு என்கிறது இரண்டாம் விதி. உட்கார முடியாத இடத்தில் எந்த நூலைக் கொடுப்பது?

சரி, சாருக்கு வருகிறேன். 1989-ல் கல்லூரி நூலகர் வேலை கிடைத்ததும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருக்குப் போன் செய்தேன். சம்பளம் எவ்வளவு, எத்தனை புத்தகம், ஒன்றும் கேட்கவில்லை. "உன் மேஜை எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்றார். சுவரைப் பார்த்து இருக்கு சார் என்றேன். "வாசலைப் பார்த்துப் போட்டுக்கோம்மா" என்றார். அன்று சாயங்காலமே அட்டெண்டர் அண்ணனும் நானுமாகத் திருப்பிப் போட்டோம். 2023-ல் நான் ஓய்வு பெறும் வரை அது அப்படியேதான் இருந்தது.