கணக்குக் கேட்பது கலகமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சுயாதீன சபையில் ஆலயக் கட்டட நிதிக்கு ஆண்டுக்கணக்கில் காணிக்கை வாங்குகிறார்கள். வரவு செலவை அறிவிக்கும்படி கேட்ட வாலிபரிடம், "அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்று வேதம் சொல்லுகிறது" எனப் போதகர் கண்டித்தார். வேதம் காட்டும் தலைமைத்துவம் இதுதானா?
– வாசகர் ஒருவர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இதுவல்ல. அந்த வசனம் 105ஆம் சங்கீதத்தில் உள்ளது. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் சொற்பத் தொகையினராய், பரதேசிகளாய்த் திரிந்த காலத்தில் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் அரசர்களைக் கடிந்துகொண்டதை அது நினைவுகூர்கிறது. எளியவரைக் காத்த அந்தச் சொல்லைச் சபையாரின் கேள்விக்கு எதிரான கேடயமாக்குவது சங்கீதத்தையே தலைகீழாகப் பிடிப்பதாகும். தன்னைக் கொல்லத் தேடிய அரசன் சவுல் அபிஷேகம் பெற்றவன் என்பதற்காகவே தாவீது அவனைக் கொல்ல மறுத்தான். ஆயினும் என்கேதியில் குகையைவிட்டு வெளியே வந்து, அவனுடைய அநியாயத்தை அவன் முகத்துக்கு நேராகவே எடுத்துச் சொன்னான்.

சவுலை அபிஷேகம்பண்ணிய தீர்க்கதரிசி சாமுவேலோ இன்னும் ஒருபடி மேலே போகிறார். முதிர்ந்த வயதில் ஜனங்களுக்குமுன் நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்று தாமாகவே கேட்கிறார் (1 சாமு. 12). எருசலேமிலுள்ள ஏழைகளுக்காகத் திரட்டிய தர்மப்பணத்தைக் கொண்டுபோகும் வேளையில் பவுல், தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்துக்கொண்டதோடு, கர்த்தருக்கு முன்பாக மட்டுமன்றி மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்கவே இந்த ஏற்பாடு என்று எழுதினார் (2 கொரி. 8). அப்போஸ்தலனுக்கே தேவைப்பட்ட சாட்சி உங்கள் போதகருக்குத் தேவையில்லையா?

ஆராதனை முடிந்தவுடன் உறவினரல்லாத இருவர் காணிக்கையை எண்ணிப் பதிவேட்டில் கையொப்பமிடுவதும், கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கும் இரட்டைக் கையொப்பமும் வைப்பதும் எந்தச் சபைக்கும் இயலக்கூடியவை. உங்கள் சபை 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதாயின், ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கை முன்வைப்பது சட்டப்படியும் கடமையாகும். வாலிபருக்கும் ஒரு வார்த்தை: சபைத் தலைவரான மூப்பனுக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகளில்லாமல் ஏற்கக் கூடாது என்பதும் வேதமே (1 தீமோ. 5). ஆகவே வாட்ஸ்அப் குழுவில் ஐயங்களைப் பரப்பாமல், கமிட்டிக்கு எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

கேள்வி: சேகரக் (பல சபைகள் சேர்ந்த நிர்வாகப் பிரிவு) கமிட்டித் தேர்தலில் எப்போதும் ஒரே சாதியாரே வெல்லுகிறார்கள். ஜெபித்துப் பொறுத்துக்கொள்வதைவிட வேறு வழி உண்டா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: எருசலேம் சபையில் பந்தி விசாரிப்பின்போது, அதாவது அன்றாட உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்பட்டதாகக் கிரேக்க மொழி பேசிய யூதர் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர் ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்து அவர்களை அனுப்பிவிடவில்லை. சபையார் அனைவரையும் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள், நிக்கொலாவோ அந்தியோகியாவிலிருந்து யூத மார்க்கத்தில் சேர்ந்தவர் (அப். 6). முறையிட்ட தரப்பாரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதாகக் கருத நிறைய இடமுண்டு. உங்கள் சேகரத்தில் வென்றவர்கள் பொருளாளர் பதவியைத் தோற்றவர்களுக்குத் தர முன்வரட்டும் என்றால் பலர் சிரிப்பார்கள் என்பதை அறிவேன். ஆனால் அந்த அதிகாரம் சொல்லுவது ஏறக்குறைய அதைத்தான். அதுவரை, புறக்கணிப்பைக் குறித்து வெளிப்படையாக முறையிடுவதை யாரும் விசுவாசக் குறைவென்று சொல்ல முடியாது.

கேள்வி: போதகருக்குப்பின் அவருடைய மகன்தான் போதகர் என்பது சரியா?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: மோசேக்கு கெர்சோம், எலியேசர் என இரு குமாரர் இருந்தும் அவருக்குப்பின் வந்தவன் யோசுவா. சாமுவேல் தம் குமாரரை நியாயாதிபதிகளாக்கினார். அவர்கள் பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டினார்கள். ஆனால் மகன் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்கவும் வேண்டாம். அவர் வேறொரு சபையில், வேறொருவரின் மேற்பார்வையில் சில ஆண்டுகள் ஊழியம் செய்யட்டும்; பின்பு சபையார் இரகசிய வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும். அந்தக் கூட்டத்துக்குத் தகப்பனார் தலைமை தாங்காதிருப்பது நல்லது.