கல் கண்ணாடி குளிருமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சென்னிமலைக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவைப் பெற்ற அப்பச்சி ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். வெள்ளிச் சட்டம் போட்ட அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கள் வீட்டில் இருக்கிறது. "அது கண்ணாடியல்ல, கல். கண்ணுக்குக் குளிர்ச்சி" என்பார் அம்மா. அவருக்கு அண்மையில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த கண்ணாடியை ஒதுக்கிவிட்டு, இதைத்தான் போடுவேன் என்று அடம் பிடிக்கிறார். பெரிய மாமாவும் அதற்கு ஒத்து ஊதுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகனோ, "படிகம் வழியாகப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் அவர் எப்படிக் கணக்கு எழுதினார்?" என்று கேட்கிறான். பழைய சாமான் வாங்கும் ஒருவர் நல்ல விலை தருவதாகவும் சொல்லியிருக்கிறார். இன்னொன்று: மழை பெய்து ஓய்ந்தால் எங்கள் மேட்டுக்காட்டில் தெளிவான வெங்கச்சங்கல் தலைகாட்டும். காங்கேயம் பக்கத்துக் கல் ரோமாபுரி வரை போனது என்கிறார்களே, இந்தக் கல்லில் லென்ஸ் செய்ய முடியாதா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அம்மா. டாக்டர் எழுதிக்கொடுத்த கண்ணாடியைத்தான் அவர் போட வேண்டும். அப்பச்சியின் கண்ணாடி அப்பச்சியின் கண்ணுக்காகச் செய்தது. கல்லானாலும் வைரமானாலும் பவர் பொருந்தாவிட்டால் தலைவலிதான் மிச்சம். மாமாவிடம் இதை நீங்கள் சொன்னால் எடுபடாது என்றால், டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள்.

குளிர்ச்சி என்பதில் பாதி உண்மை இருக்கிறது. கல் கண்ணாடி என்று நம் வீடுகளில் சொல்வது பெரும்பாலும் ஸ்படிகம், அதாவது குவார்ட்ஸ். தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தில் கிடைத்த ஸ்படிகக் கற்களைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்யும் தொழில் ஒரு காலத்தில் பேர்பெற்றிருந்தது. ஸ்படிகம் கண்ணாடியைப்போல ஆறு முதல் பத்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும். கன்னத்தில் வைத்தால் தோலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் சில்லென்று இருக்கும். பழைய வியாபாரிகள் அசலையும் போலியையும் இப்படித்தான் பிரித்தார்கள். ஆனால் மூக்கின்மேல் உட்காரும் லென்ஸ் கண்ணைத் தொடுவதே இல்லை. பிறகு அந்தக் குளிர்ச்சி கண்ணுக்கு எங்கிருந்து வரும்?

மீதிப் பாதிதான் தொந்தரவு. சாதாரணக் கண்ணாடி, ஏறக்குறைய 300 நானோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழுள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிடும். ஸ்படிகம் 200-க்கும் கீழே வரை தாராளமாக உள்ளே விடும். புற ஊதா ஆய்வுக் கருவிகளில் குவார்ட்ஸ் வைப்பதற்குக் காரணமே அதுதான். சித்திரை வெயிலில் குளிர்ச்சி என்று கல் கண்ணாடி போட்டுக்கொள்வது, துணியை உருவிவிட்டு வெறும் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பது போன்றது.

அப்படியானால் முன்னோர்கள் ஏமாந்தார்களா என்றால், இல்லை. அவர்கள் கொடுத்த காசுக்குக் கிடைத்தது கடினத்தன்மை. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஸ்படிகம் 7, கண்ணாடி ஐந்தரைக்குப் பக்கம். நம் சாலைப் புழுதியில் பெரும் பங்கு குவார்ட்ஸ் துகள்தான். வேட்டி நுனியால் கண்ணாடி லென்ஸைத் துடைக்கும்போதெல்லாம் அந்தத் துகள் கீறல் போடும். ஸ்படிகம் தன் இனத்துத் துகளுக்கு அவ்வளவு எளிதில் மசியாது. மஞ்சள் தூசியும் சாக்குத் தூசியும் பறக்கும் மண்டியில் இருபது முப்பது வருடம் கீறாமல் உழைத்திருந்தால், உங்கள் அப்பச்சி நல்ல சாமானைத்தான் வாங்கியிருக்கிறார்.

உங்கள் மகனின் கேள்வி இந்தக் கடிதத்திலேயே சிறந்தது. அவன் பாடத்தில் படித்த படிகம் கால்சைட், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே கனிமம். 1669-இல் டென்மார்க்கைச் சேர்ந்த எராஸ்மஸ் பார்த்தோலின், ஐஸ்லாந்திலிருந்து வந்த தெளிவான கால்சைட் கட்டியில் இரட்டை ஒளிவிலகலைக் கண்டு எழுதினார். கால்சைட் துண்டை ஒரு காகிதத்தின்மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். துண்டை மெல்லத் திருப்பினால் ஓர் எழுத்து அசையாமல் நிற்கும், மற்றொன்று அதைச் சுற்றி வரும். நிற்பது சாதாரணக் கதிர், சுற்றுவது அசாதாரணக் கதிர். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்வது ஒளிவிலகல் எண். இரண்டுக்கும் கால்சைட் காட்டும் எண்கள் 1.658, 1.486. வித்தியாசம் 0.172. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் எழுத்துகள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும்.

ஸ்படிகத்திலும் இதே கதைதான், ஆனால் எண்கள் 1.544, 1.553. வித்தியாசம் வெறும் 0.009. இதைக் கண்ணாடிக் கடைக் கணக்கில் சொல்கிறேன். லென்ஸின் பவர், ஒளிவிலகல் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து வருவதைப் பொறுத்தது. ஆக இரு கதிர்களுக்கும் பவர் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. அப்பச்சியின் கண்ணாடி 2 பவர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கதிருக்கு 2, மற்றதற்கு 2.03. கண் டாக்டர்களே கால் கால் பவராகத்தான் ஏற்றி இறக்குகிறார்கள். 0.03-ஐ எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. மண்டிக் கணக்கு இரட்டிப்பாக வழியே இல்லை.

கைதேர்ந்தவர்கள் அந்தச் சிறு வித்தியாசத்தையும் விட்டுவைக்கவில்லை. எல்லாப் படிகத்திலும் திசை உண்டு. ஸ்படிகத்தில் ஒளி அச்சு என்று ஒரு திசை இருக்கிறது. அதன் வழியே செல்லும் ஒளிக்கு இரட்டை விலகல் கிடையாது. கல்லை அந்த அச்சுக்குச் செங்குத்தாக அறுத்து லென்ஸ் செய்தால் நேராகப் பார்க்கும் பார்வையில் கதிர் பிரியாது. ஆனால் அங்கே வேறொரு வேடிக்கை நடக்கிறது. தளவிளைவுற்ற ஒளி, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி, அந்த அச்சு வழியே போனால், அதன் அதிர்வுத் தளத்தை ஸ்படிகம் முறுக்கிவிடும். 1811-இல் பிரான்ஸில் அராகோ கண்டது இது. சோடிய மஞ்சள் ஒளியை ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 21.7 டிகிரி முறுக்கும். சில ஸ்படிகங்கள் வலப்புறம், சில இடப்புறம். நம் கண்ணுக்கு அதிர்வுத் தளம் எப்படித் திரும்பினாலும் ஒன்றுதான் என்பதால் போட்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கால்சைட்டில் ஏன் மூக்குக்கண்ணாடி செய்யவில்லை என்று அவன் அடுத்துக் கேட்பான். இரட்டைப் பிம்பத்தை விடுங்கள், அதன் கடினம் மோஸ் அளவில் 3. செப்புக் காசு கீறிவிடும். கீழே விழுந்தால் மூன்று திசைகளில் வழவழவென்று பிளந்து சாய்சதுரக் கட்டிகளாகும். எலுமிச்சம்பழச் சாறு பட்டால் நுரைக்கும். ஆனாலும் ஒரு நூற்றாண்டுக் காலம் ஒளியியலைத் தாங்கியது இந்த நோஞ்சான் கல்தான். 1828-இல் எடின்பரோவில் வில்லியம் நிக்கோல், கால்சைட்டை அறுத்துக் கனடா பால்சம் என்ற பிசினால் ஒட்டி, ஒரு கதிரை ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றதை மட்டும் வெளியே விடும் பட்டகத்தைச் செய்தார். 1921-இல் சி.வி. ராமன் கப்பலில் இந்தியா திரும்பும்போது கையில் வைத்திருந்தது நிக்கோல் பட்டகம். கடல் மேற்பரப்பில் பிரதிபலிக்கும் வானத்தை அதால் மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. வானத்தின் நிழல் அல்ல, நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற முடிவுக்கு அவர் வர உதவியது அந்தக் கல் துண்டு. உங்கள் மகன் தளவிளைவுக் (போலராய்டு) கூலிங் கிளாஸ் போட்டு, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையில் இதைச் செய்து பார்க்கலாம். வானம் மறைந்த பிறகு அந்த நீரில் என்ன தெரியும் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

கால்சைட்டுக்காக ஐஸ்லாந்து போக வேண்டியதில்லையே, மதுக்கரையில் மலையாகக் கிடக்கிறதே என்றால், பொருள் அதுதான், சரி. சுண்ணாம்புக்கல்லை உடைத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள், சின்னச் சின்ன முகங்கள் பளிச்சிடும். ஒவ்வொன்றும் ஒரு கால்சைட் படிகத்தின் பிளவு முகம். ஆயிரம் மணிகள் ஆயிரம் திசையில் நிற்பதால் ஒளி உள்ளே போய்ச் சிதறி, கல் வெளுப்பாகத் தெரிகிறது. சிமெண்டுக்கு அது போதும். ஒளியியலுக்குக் கட்டி முழுவதும் ஒரே திசையில் அடுக்கிய ஒற்றைப் படிகம் வேண்டும்.

உங்கள் மேட்டுக்காட்டு வெங்கச்சங்கல்லுக்கும் இதே தடைதான். அது குவார்ட்ஸ்தான். இருட்டில் இரண்டை உரசினால் உள்ளே ஒளி மின்னி, கருகல் வாசம் வரும், பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். வெள்ளையாக இருப்பது உள்ளே அடைபட்ட நுண்ணிய நீர்த்துளிகளாலும் விரிசல்களாலும். தெளிவாகத் தெரியும் கல்லிலும் வலமுறுக்கும் இடமுறுக்கும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்திருக்கலாம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குள் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இன்று கருவிகளுக்கான குவார்ட்ஸை வளர்த்தே எடுக்கிறார்கள். தடித்த எஃகுக் கலத்தில் காரக் கரைசலை ஊற்றி, ஏறக்குறைய 350 டிகிரி வெப்பத்தில், ஆயிரம் வளிமண்டல அளவு அழுத்தத்தில், விதைப் படிகத்தின்மேல் வாரக்கணக்கில் வளரும். உங்கள் சுவர்க் கடிகாரத்துக்குள் இருப்பதும் அப்படி வளர்ந்த துண்டுதான்.

காங்கேயத்துப் பெருமைக்கு இதனால் குறைவில்லை. பெரில் என்பது மரகத இனத்து நகைக்கல். படியூர்ப் பச்சைநீலப் பெரில் பழங்காலத்திலேயே பேர்பெற்றது. நொய்யல் வடகரையில் கொடுமணல் அகழாய்வுகளில் பெரில், குவார்ட்ஸ், சூதுபவள மணிகள், பாதி செய்து விட்டவை உட்பட, ஏராளமாகக் கிடைத்தன. பதிற்றுப்பத்தின் கொடுமணம் அதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. முதல் நூற்றாண்டு ரோமானியரான பிளினி, பெரிலுக்கு இந்தியாவே ஊர் என்று எழுதிவிட்டு, ஸ்படிகத்துக்குச் சாயம் ஏற்றிப் பெரில் என்று விற்கிறார்கள் என்றும் கூடவே புலம்பியிருக்கிறார். சாயத் தொழிலில் நமக்கு அப்போதே கை பழகியிருந்தது போலும்.

ஆனால் நகைக்கல்லும் ஒளியியல் கல்லும் ஒன்றல்ல. நகைக்கு வேண்டியது நிறம், ஒளியியலுக்கு நிறமே பகை. ஆனாலும் பட்டை தீட்டுகிறவர்கள் பாடப்புத்தகம் இல்லாமலே படிகத்தின் திசையை அறிந்தவர்கள். காங்கேயம், கரூர்ப் பக்கம் கிடைக்கும் அயோலைட்டை ஒருவர் அறுப்பதற்கு முன்னால் பாருங்கள். கல்லை விரலிடுக்கில் பிடித்து ஜன்னலுக்கு நேராக உருட்டிக்கொண்டே இருப்பார். ஒரு பக்கம் ஊதா கலந்த நீலம், கால்வட்டம் திருப்பினால் வைக்கோல் மஞ்சள். நீலம் மேலே வரும்படி அடையாளம் போட்டபிறகே சக்கரத்தில் வைப்பார். திசை தவறினால் நல்ல கல் வெளிறிப்போய்க் காசுக்கு ஆகாது. பெரிலிலும் இது உண்டு, கொஞ்சம் மங்கலாக.

தெளிவு மட்டும் போதாது என்பதற்கு இன்னும் இரண்டு. ஃபுளோரைட் நிறங்களைப் பிரித்துச் சிதறடிப்பது மிகக் குறைவு என்பதால் 1880-களில் எர்ன்ஸ்ட் ஆபே அதை நுண்ணோக்கி லென்ஸ்களில் வைத்தார். இன்றும் விலை உயர்ந்த கேமரா லென்ஸ்களில் இருக்கிறது. ஆனால் சட்டென்று சூடுபட்டால் விரிசல் விடும், கடினமும் 4-தான். உப்புப் படிகம் அகச்சிவப்புக் கதிரை அருமையாகக் கடத்தும். ஐப்பசி மழைக்காலத்தில் ஆய்வகத்துக்கு வெளியே வைத்தால் ஈரம் குடித்து மங்கிவிடும்.

இனி அந்தப் பழைய சாமான்காரர். பேரம் பேசும் முன் அது கல்தானா என்று பாருங்கள். எடை உதவாது, ஸ்படிகமும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. கீறிப் பார்க்கவே வேண்டாம். எல்சிடி கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். அந்த ஒளி தளவிளைவுற்றது. மகனுடைய தளவிளைவுக் கூலிங் கிளாஸைத் திரைக்கு முன் பிடித்துச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அப்படியே பிடித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் அப்பச்சியின் லென்ஸை நுழையுங்கள். சாதாரணக் கண்ணாடி என்றால் இருட்டு இருட்டாகவே இருக்கும். கல் என்றால் லென்ஸ் வட்டம் மட்டும் வெளிச்சமாகும். இப்போது லென்ஸை அதன் தளத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு இடங்களில் இருண்டால் கல்தான், ஆனால் அச்சு பார்க்காமல் அறுத்தது. எப்படிச் சுற்றினாலும் வெளிச்சம் மாறவில்லை என்றால் அச்சுக்குச் செங்குத்தாக அறுத்த முதல்தரக் கல். இறுக்கத்தோடு உறைந்த கண்ணாடியும் திட்டுத்திட்டாக ஒளிரக்கூடும், அதனால் வட்டம் முழுக்க சீராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கல்லாகவே இருந்தாலும் ஸ்படிகம் அரிதான பொருளல்ல. வியாபாரி கண் வைத்திருப்பது அநேகமாக அந்த வெள்ளிச் சட்டத்தின் மேல். நான் என்றால் விற்க மாட்டேன். மகன் சுற்றிப் பார்த்ததில் எத்தனை முறை இருண்டது என்று எழுதச் சொல்லுங்கள்.