லினோ அட்டை: ஒரு வாரமாகியும் மை ஏன் கையில் ஒட்டுகிறது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். 1860-இல் மதராஸிலிருந்து ‘துரூரோ’ கப்பலில் வந்திறங்கிய எங்கள் மூத்த பாட்டியின் கதையை 24 பக்க காமிக்ஸாக வரைந்திருக்கிறேன். உள்பக்கங்கள் ஜெராக்ஸ். அட்டையை மட்டும் லினோவில் (செதுக்கி அச்சடிக்கும் லினோலியத் தகட்டில்) வெட்டி, எண்ணெய் மை தடவி, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வாட்டர்கலர் தாளில் மரக்கரண்டியால் தேய்த்து அச்சடித்தேன். கறுப்பு திட்டுத்திட்டாக விழுகிறது. மை கூடுதலாகப் போட்டால் ‘பாட்டி வந்த கப்பல்’ என்ற தலைப்பு அடைத்துப்போகிறது. ஒரு வாரம் ஆகியும் கையில் ஒட்டுகிறது. கப்பல் வந்த நாளான நவம்பர் 16-க்கு 50 பிரதி வேண்டும். விலை எப்படி வைப்பது?

பதில்: மூன்று கோளாறு சொல்லியிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் அந்தத் தாள்தான். வாட்டர்கலர் தாளில் மேடு பள்ளம் அதிகம். கரண்டியின் அழுத்தம் பள்ளத்துக்குள் போகாது, அதனால் திட்டு. திட்டை மறைக்க மை கூட்டினீர்கள். அது எழுத்தின் குழிக்குள் வழிந்தது. போதாததற்கு, தண்ணீர் ஊறாமலிருக்க அந்தத் தாளுக்குக் கஞ்சிபோல் பசையேற்றியிருப்பார்கள். எண்ணெயையும் அது எளிதில் குடிக்காது. தடித்த மை மேலே ஆடை கட்டிக்கொண்டு, அடியில் ஈரமாகவே கிடக்கிறது.

160 முதல் 220 ஜிஎஸ்எம்முக்குள், வழவழப்பான, பளபளப்புப் பூச்சில்லாத தாள் வாங்குங்கள். ஃபாப்ரியானோ ரோசாஸ்பினா 220 நல்ல தாள். கைக்காசு இடிக்குமென்றால் 160 கார்ட்ரிட்ஜ் என்ற சாதாரண வரைதாளே போதும். 300-ஐ மடித்தால் முதுகில் வெடிக்கும், ஸ்டேப்ளரும் திணறும். வெட்டுவதற்கு முன் தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்: இரண்டு திசையிலும் மெல்ல வளைத்தால் ஒன்றில் சுலபமாக வளையும். அந்த வளைவு புத்தகத்தின் முதுகோடு சேர்ந்து நிற்க வேண்டும்.

மை. கண்ணாடிப் பலகையில் சுண்டைக்காய் அளவு வைத்து, ரோலரை எல்லாத் திசையிலும் ஓட்டிப் பரப்புங்கள். கண்ணை விடக் காதை நம்பலாம். அளவு சரியென்றால் ‘ஸ்ஸ்’ என்று பட்டுத்துணி உரசும் சத்தம் வரும், பரப்பு வெல்வெட் மாதிரி தெரியும். ‘சப் சப்’ என்று ஈரச் சத்தம் கேட்டால், ஆரஞ்சுத் தோல் போல் புள்ளி தெரிந்தால், அதிகம், கத்தியால் வழித்துவிடுங்கள். லினோ கட்டையில் ஒரேயடியாக அப்பாமல், மெல்லிய பூச்சாக நான்கைந்து தடவை ஏற்றுங்கள். புதுக் கட்டையின் முதல் மூன்று நான்கு அச்சு வெளிறித்தான் வரும். அதைப் பார்த்துப் பதறி மை கூட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

தேய்க்கும்போது அச்சுத்தாளின் முதுகில் ஒரு பட்டர் பேப்பர் வைத்து, கரண்டியைச் சிறு வட்டமாக ஓட்டுங்கள். ஒரு கையால் பாதித் தாளை அமுக்கிக்கொண்டு மறுபாதியைத் தூக்கிப் பார்க்கலாம். வெளுத்த இடத்தில் மறுபடி தேய்க்கலாம். ஒரு அட்டைக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும்.

தலைப்பு. உங்கள் மூன்று சொல்லில் ட், ந், ப், ல் என்று நான்கு புள்ளிகள் வருகின்றன. எழுத்தைக் கறுப்பாக நிற்கவிட்டுச் சுற்றிலும் வெட்டினால், ஒவ்வொரு புள்ளியும் ஊசித்தூண் போல் தனியே நிற்கும். பத்தாவது அச்சுக்குள் ஒன்றாவது உதிரும். ‘க’வின் சுழியும் ‘வ’வின் சுழியும் மை குடித்து அடைத்துக்கொள்ளும். தலைகீழாக யோசியுங்கள்: கறுப்புப் பட்டையில் எழுத்தை மட்டும் வெள்ளையாகத் தோண்டுங்கள். புள்ளிக்கு வி வடிவ உளியின் முனையை நிமிர்த்தி ஊன்றி ஒரு சுற்று, வேலை முடிந்தது. எழுத்தின் உயரம் 12 மில்லிமீட்டருக்குக் குறையவேண்டாம். கட்டையின் கனம் 3.2 மில்லிமீட்டர் என்றால் எழுத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழம் போதும். பள்ளத்தின் சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கட்டும். அடியில் குடைந்துவிட்டால் ஓரம் நொறுங்கும். எழுத்தை ட்ரேசிங் தாளில் எழுதி, திருப்பிப் போட்டு, கார்பனால் பதித்துவிட்டு, வெட்டுவதற்கு முன் கண்ணாடியில் காட்டிப் படியுங்கள். திருப்பி எழுதும்போது ‘பா’வின் காலை இடம் மாற்றிப் போட்டவர்கள் அநேகம். குளிரில் லினோ விறைத்து வழுக்கும். பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டலாம். இன்னொரு கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான்.

லினோவுக்குள் எழுத்தை வைப்பது எப்படி என்று பார்க்க வெளியூர் தேடவேண்டாம். நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 1962-இல் தொடங்கிய ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலைமையத்தில் படித்த ஜான் முவஃபாங்கேஜோ, படத்துக்குள்ளேயே வாக்கியங்களை வெட்டியவர். அதே மையத்தின் அசாரியா ம்பாத்தா பைபிள் கதையைக் கட்டம் கட்டமாகச் சொன்னார். காமிக்ஸ்காரர் பார்த்தே ஆகவேண்டிய படங்கள்.

காய்தல். எண்ணெய் மை தண்ணீர் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகுகிறது. டர்பன் நவம்பரில் மழையும் புழுக்கமும். அப்போது இன்னும் மந்தம். ஆகவே ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் அட்டையை அடித்து முடித்துவிடுங்கள். கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டால், மெல்லிய பூச்சு ஒரு வாரத்துக்குள் காயும். அடுக்கி வைக்கவே கூடாது. அவசரமென்றால் 20 கிராம் மைக்கு நான்கைந்து சொட்டு கோபால்ட் டிரையர் (மையைச் சீக்கிரம் காயவைக்கும் திரவம்) கலக்கலாம். அதற்கு மேல் போனால் பலகையிலேயே காய்ந்து ரோலர் பாழாகும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

அடித்து வைத்தவற்றையும் தூக்கிப் போடவேண்டாம். அச்சேறாத வெற்று நியூஸ்பிரிண்ட் தாளை மேலே வைத்து உள்ளங்கையால் மெல்ல ஒற்றுங்கள், மிச்ச மை அதில் வந்துவிடும். பிறகு மின்விசிறி ஓடும் அறையில் இரண்டு வாரம் தொங்கட்டும். புத்தகத்துக்கு ஆகாவிட்டாலும் தனிப்படமாகப் போகும்.

உள்பக்கத்தில் சொல்ல அதிகமில்லை. ஏ4-ஐ மடித்தால் 24 பக்கத்துக்கு ஆறு தாள். ஒரு தாளின் ஒரே முகத்தில் வரும் இரண்டு பக்க எண்ணைக் கூட்டினால் 25 வரவேண்டும். வராவிட்டால் அடுக்கு தப்பு. அட்டையைத் தட்டையாக இருக்கும்போதே வலது பாதியில் அச்சடியுங்கள், மடிப்பிலிருந்து 5 மில்லிமீட்டர் விட்டு.

விலை. 50 வேண்டுமென்றால் 58 அடியுங்கள், ஏழெட்டு கெடும். கணக்குக்காக ஒரு பிரதிக்கு அட்டைத்தாள் 8 ராண்ட், மை 2, ஜெராக்ஸ் 12 என்று வையுங்கள். உங்கள் கடை விலையைப் போட்டுக்கொள்ளலாம். வெட்ட 6 மணி, அச்சடிக்க 5 மணி, ஆக 11 மணி நேரம். 50-ஆல் வகுத்தால் 13 நிமிடம். மடித்து ஸ்டேப்ளர் அடிக்க 4 நிமிடம். மணிக்கு 60 ராண்ட் கூலி என்றால் 17. கெட்டதற்கு 3 சேர்த்தால் அடக்கம் 42 ராண்ட். கடைக்காரர் 40 சதவீதம் எடுத்தால் 70-க்கு விற்றாலே முதல் மட்டும்தான் திரும்பும். 120 வைத்தால் உங்கள் கைக்கு 72, மிச்சம் 30. கோயில் திருவிழாவில் நீங்களே மேசை போட்டு விற்றாலும் அதே 120தான். குறைத்தால் கடைக்காரர் அடுத்த முறை வாங்கமாட்டார்.

கையால் அடித்த 50-க்கு மட்டும் பென்சிலில் 1/50, 2/50 என்று எண் போடுங்கள். தீர்ந்துபோனால் அட்டையை ஸ்கேன் செய்து இரண்டாம் பதிப்பு போடலாம், ஆனால் எண் இல்லாமல், விலை குறைத்து. ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச எண்) வேண்டுமானால் பிரிட்டோரியாவிலுள்ள தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. பின்னட்டை அச்சாகும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.