மடியில் துள்ளும் மீன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கயாக்கில் (உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகிய சிறு படகில்) தூண்டில் போடத் தொடங்கி ஓராண்டாகிறது. சின்ன மீன்களோடு சிக்கல் வந்ததில்லை. போன மாதம் மூன்று கிலோ தேறும் ஒரு கொடுவா, கடித்த ஒரு நிமிடத்துக்குள் கயாக் பக்கத்தில் வந்துவிட்டது. லீடரை (நரம்பின் நுனியில் கட்டும் கனத்த துண்டை) பிடித்துத் தூக்கி மடியில் போட்டேன். அது ஆடிய ஆட்டத்தில் லூரின் (செயற்கை இரையின்) பின்முள் கால்சட்டையில் மாட்டி, கயாக் சாய்ந்து, மீனும் ராடும் (தூண்டில் கம்பும்) தண்ணீரோடு போயின. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் நான் தப்பினேன். கரையில் என்றால் மணலில் இழுத்துப் போட்டு முடித்துவிடலாம். எழுந்து நிற்கவே முடியாத கயாக்கில் துள்ளுகிற மீனை எப்படி அடக்குவது? தலையில் அடிப்பது சரியா? கைவலை நல்லதா, மீனைக் குத்தித் தூக்கும் காஃப் கொக்கி நல்லதா? அகலமான கயாக் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

ஒரு நிமிடத்தில் வந்து சேர்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். மூன்று கிலோ கொடுவா அவ்வளவு சீக்கிரம் களைக்காது. முள் மாட்டிய மீன் சில சமயம் எதிர்த்து இழுக்காமல் தூண்டில் நரம்பின் போக்கிலேயே நீந்தி வரும். சுலபமாக வருகிறதே என்று நமக்குத் தோன்றும். கயாக்கின் நிழலையோ உங்கள் கையசைவையோ பார்த்த பிறகுதான் அதற்கு ஆபத்து உறைக்கும். செலவழிக்காமல் வைத்திருந்த பலத்தையெல்லாம் அப்போது காட்டும். உங்களுக்கு அது மடியில் வைத்துக் காட்டியது. கடல் விரால் இதில் இன்னும் மோசம். சாதுவாகப் பக்கத்தில் வந்து நிற்கும், உள்ளே ஏற்றியதும் கண்டதையும் உடைக்கும்.

ஆகவே மீனை அடக்கும் வேலை முழுவதும் தண்ணீரிலேயே முடிந்துவிட வேண்டும். கயாக்கில் ஏறிய பின் அடக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதற்கு இடமும் இல்லை, ஓடி ஒதுங்க வழியும் இல்லை.

டிராக்கிலிருந்து தொடங்குவோம்: மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிமானம் அது. நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை வைத்தால் போதும். 10 கிலோ நரம்புக்கு 2.5 முதல் 3 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். ராடை வளைத்துப் பிடித்து, நரம்பு நுனியைச் சுருள்வில் தராசில் மாட்டி இழுத்துப் பாருங்கள். கயாக்கில் இன்னும் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் நஷ்டமில்லை. மீன் இழுக்கும்போது கயாக்கும் சேர்ந்து நகர்வதால் அதுவே ஒரு டிராக். ஆனால் மீன் இழுக்கும் திசைக்கு முன்முனை திரும்பியிருந்தால்தான் இந்தக் கணக்கு. குறுக்காக, பக்கவாட்டில் இழுக்கும்போது டிராக்கை இறுக்கி வைத்திருந்தால் இழுப்பு முழுவதும் கயாக்கைக் கவிழ்க்கப் போகும். ராடை முன்பக்கமாக நீட்டிப் பிடித்தால், மீனே கயாக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும். நங்கூரம் போட்டிருந்தால் இது நடக்காது. அதனால் நங்கூரக் கயிற்றின் முனையில் ஒரு மிதவை கட்டி, ஒரே இழுப்பில் கழலும்படி வைத்திருங்கள். பெரிய மீன் மாட்டியதும் கயிற்றை விட்டுவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.

களைக்க வைப்பதற்கு ராடை வானம் பார்க்கத் தூக்கிப் பிடித்துப் பயனில்லை. ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். மீன் வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம், இடப்பக்கம் ஓடினால் வலப்பக்கம். தலை திரும்பத் திரும்ப அது நேராக நீந்த முடியாமல் சீக்கிரம் சோரும். கொடுவாவுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு: ராடு தாழ்ந்திருந்தால் துள்ளல் குறையும். அப்படியும் துள்ளினால் அந்த நொடியில் ராடு நுனியை மீன் பக்கம் சாய்த்து நரம்புக்குச் சற்று இளக்கம் கொடுங்கள். விறைத்த நரம்பில் காற்றில் தலையை உதறினால் முள் எகிறிவிடும்.

மீன் களைத்ததா என்று எப்படித் தெரியும்? வட்டமிடும், வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். வால் வீச்சு மெதுவாகும். கடைசியில் ஒருக்களித்து வயிற்றின் வெள்ளை காட்டும். தலையை நீர்மட்டத்துக்கு மேல் கொண்டுவந்தால் உதறாமல் வாயைத் திறந்தபடி சறுக்கிக்கொண்டு வரும். அதற்கு முன் எவ்வளவு பக்கத்தில் வந்தாலும் கையை நீட்டாதீர்கள். உங்கள் மீனைப் போல முன்கூட்டியே வந்தால், இன்னொரு ஓட்டம் ஓட விட்டு மறுபடி கொண்டு வாருங்கள். திருப்பி விடப்போகும் மீன் என்றால் மட்டும் மிஞ்சிப்போகக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் போராடிய மீன், விட்ட பிறகும் சாகும். அதற்கு மெல்லிய நரம்பில் விளையாட்டுக் காட்டாமல் கொஞ்சம் கனத்த கருவியோடு போவதே வழி.

கயாக் பக்கத்தில் வந்ததும் டிராக்கை ஒரு சிறு திருப்பு தளர்த்துங்கள். பிரெய்டு (பின்னல்) நரம்பு நீளாது. வெளியே இருக்கும் நரம்பும் குறைவு. திடீர் உதறலைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. மீன் கயாக்கின் அடியில் புகுந்தால் ராடு விளிம்பில் மடங்கி ஒடியும், இல்லையென்றால் உங்களைச் சேர்த்து இழுக்கும். அப்போது எதிர்த்து இழுக்காமல் ராடு நுனியை நீருக்குள் அமிழ்த்தி, முன்முனையைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோங்கள். ஏழடி ராடு இருந்தால் இது எளிது, ஆறடி ராடு பல கயாக்கில் முன்முனையைத் தாண்டாது. மிதிகட்டை வைத்த கயாக் என்றால் மீன் நெருங்கும் முன்பே அடித் துடுப்புகளைக் கயாக்கின் அடிப்பரப்போடு ஒட்டிக்கொள்ளச் செய்யுங்கள். நரம்பு சுற்றிக்கொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது.

இப்போது மீனை எடுக்கும் கட்டம். இங்கேதான் அதிகம் பேர் கவிழ்கிறார்கள். ராடு நுனியிலிருந்து வெளியே ஏறத்தாழ ராடு நீளத்துக்கு நரம்பு விடுங்கள். அதைவிடக் குறைத்துச் சுற்றினால் மீனைக் கைக்குக் கொண்டுவர ராடைத் தலைக்குப் பின்னால் சாய்க்க வேண்டிவரும். அப்படிச் சாய்த்தால் கார்பன் ராடு மேல்பகுதியில் முறியும். லீடர் ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் போதும். நீளமாக இருந்தால் அதன் முடிச்சு ராடின் வளையத்துக்குள் போய், மீன் கடைசியாக ஓடும்போது சிக்கும். மீன் வலப்பக்கம் இருந்தால் ராடு இடக்கையில், கை நீட்டி இடப்புறம் பின்னால். சிட்-ஆன்-டாப் (திறந்த மேல்தட்டில் உட்காரும்) கயாக் என்றால் இடக்காலையும் தண்ணீரில் தொங்கவிடுங்கள், எதிர்பாரமாக இருக்கும். வலக்கால் உள்ளேயே இருக்கட்டும், அந்தப் பக்கம் முள் இருக்கிறது. எதற்காகவும் உங்கள் மூக்கு கயாக்கின் விளிம்பைத் தாண்டக் கூடாது. இடுப்புக்குக் கீழே உள்ள கனம் கயாக்கை நிறுத்தும். தலை வெளியே போனால் அது கவிழ்க்கும்.

கைவலையா காஃபா என்றால், உங்களுக்குக் கைவலை. ரப்பர் பூசிய கண்ணி, அரை மீட்டருக்குள் கைப்பிடி, மீனைவிடப் பெரிய வாய். நூல் வலையில் ட்ரெபிள் (மூன்று நுனி) முள் சிக்கினால் அவிழ்ப்பதற்குள் பொழுது போய்விடும்; மீனின் வழுவழுப்பும் உரியும். வலையைத் தண்ணீரில் பாதி அமிழ்த்தி அசையாமல் வையுங்கள், மீனைத் தலை முன்னாக அதற்குள் இழுத்து வாருங்கள். வாலிலிருந்து கோர முயன்றால் அது முன்னோக்கிப் பாய்ந்து தப்பிக்கும். வலைக்குள் வந்ததும் தூக்க அவசரப்படாதீர்கள். வலையின் வாயை விளிம்போடு சேர்த்துப் பிடித்து, மீன் நீரில் கிடக்கும்போதே நீண்ட மூக்குக் குறடால் முள்ளைக் கழற்றுங்கள். முள் கழன்ற மீன் மடியில் துள்ளினாலும் அடி பட்டதோடு போகும். முள்ளோடு துள்ளினால் அந்த லூரின் மிச்ச முள்கள் உங்களுக்கு.

காஃப், நெய்மீன் போலப் பல்லும் வேகமும் உள்ள, உறுதியாக உண்ணப்போகும் பெரிய மீனுக்கு மட்டும். தலைக்குச் சற்றுப் பின்னால், ஒரே வீச்சில். நுனிக்கு எப்போதும் ஒரு ரப்பர் குழாய் மூடியிருக்கட்டும். காஃபின் கயிற்றை மணிக்கட்டில் கட்டவே கட்டாதீர்கள். லீடரையும் கையில் சுற்றாதீர்கள்.

கொடுவாவைப் பிடிக்க, உதட்டைக் கவ்வும் லிப் கிரிப் போதும், வயிற்றுக்கு இன்னொரு கை தாங்கல். செவுள் மூடியின் விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், அதற்குள் விரல் விடாதீர்கள். பாறை மீனை வால் அடியில் பிடிக்கலாம், கையுறையோடு. அங்கே செதில்கள் முள்ளாக இருக்கும். கெளுத்தியின் முதுகு முள்ளும் இரண்டு பக்க முள்ளும் விறைத்து நிற்கும், நச்சும் உண்டு. குத்தினால் 45 டிகிரிக்கு மிகாத, பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி தணியும். சின்ன ஃபிளாஸ்கில் வெந்நீர் வைத்துக்கொண்டால் சூட்டைக் கலந்து பார்த்துக்கொள்ளலாம். திருக்கை மாட்டினால் நரம்பை வெட்டி விடுங்கள்.

தலையில் அடிப்பது சரிதான், சரியாக அடித்தால். ஈரத் துணியால் கண்ணை மூடினாலே பல மீன்கள் அடங்கும். பிறகு தலையைக் கெட்டியான பரப்பில் அழுத்தி, கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மேலே, சிறு கட்டையால் பலமாக இரண்டு அடி. துடுப்பால் தட்டினால் மீன் மிரண்டு அதிகம் துள்ளும், தட்டுகிற நீங்களும் சாய்வீர்கள். அதே இடத்தில் கூரிய கம்பியால் மூளையில் குத்தினால் இன்னும் விரைவு. மீனின் வாய் திறந்து, துடுப்புகள் விறைத்து, ஒரு நடுக்கம் ஓடி உடல் தொய்யும். அந்த நடுக்கம் வராவிட்டால் இடம் தவறிவிட்டது. உடனே செவுளை வெட்டி ரத்தம் வடியவிட்டு, ஐஸ் இரண்டு பங்கு, கடல்நீர் ஒரு பங்கு கலந்த பையில் போடுங்கள். சுறா நடமாடும் இடத்தில் ரத்தத்தைத் தண்ணீரில் விடாமல் பையிலேயே வடியவிடுங்கள். மீனைக் கயிற்றில் கோத்துப் பக்கத்தில் தொங்கவிடவும் வேண்டாம்.

அகலமான கயாக் முதலில் அசையாமல் நிற்கும் உணர்வைத் தரும், உங்கள் தலை வெளியே போனால் அதுவும் கவிழும். பணத்தை அதில் போடுவதற்கு முன் ட்ரெபிள் முள்களைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள், நுனியில் பின்னோக்கி நிற்கும் நாக்கைக் குறடால் நசுக்குங்கள். ராடுக்கு ஒரு கயிறு கட்டுங்கள். நரம்பும் முள்ளும் வெட்டுகிற குறடு ஒன்றை லைஃப் ஜாக்கெட்டிலேயே, இரண்டு கையாலும் எட்டும் இடத்தில் மாட்டி வையுங்கள்.

அன்புடன்.