மகள் பிசியோதெரபியில் பி.பி.டி. பட்டம் முடித்திருக்கிறாள், டெக்சாஸ் போனதும் வேலை கிடைக்குமா?

வணக்கம் ஐயா.

சனிக்கிழமை நீங்களும் அம்மாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். மேசை மேல் அந்தப் பச்சை ஃபைலை வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டீர்கள். "மாப்பிள்ளை டல்லாஸ்ல இருக்கார். இவ பிசியோ முடிச்சிருக்கா. அங்க போனதும் வேலைக்குப் போயிடலாமா?" வெளியே நாலு குடும்பம் காத்திருந்ததால் பாதிப் பதிலோடு உங்களை அனுப்பிவிட்டேன். அது மனதை உறுத்துகிறது. மீதியை இங்கே எழுதுகிறேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

வேலைக்குப் போகலாம். ஆனால் போனதும் முடியாது. இடையில் டெக்சாஸ் மாநிலத்தின் பிசியோதெரபி வாரியம் இருக்கிறது. அது உரிமம் கொடுக்கும்வரை உங்கள் மகளுக்கு அங்கே தெரபிஸ்ட் என்ற பெயரே கிடையாது.

அமெரிக்கா முழுவதற்கும் செல்லும் ஒரே லைசென்ஸ் என்று எதுவும் இல்லை. 50 மாநிலங்களும் தனித்தனியாகச் சட்டம் போட்டு, தனித்தனியாக உரிமம் தருகின்றன. டெக்சாஸில் அந்த வேலையைச் செய்யும் வாரியம் ஆஸ்டினில் இருக்கிறது. மொத்தம் 9 உறுப்பினர்கள். ஆளுநர் நியமிக்க, மாநில செனட் ஒப்புதல் தருகிறது. 9 பேரில் 6 பேர் பிசியோதெரபிஸ்ட்கள். மீதி 3 பேர் இந்தத் தொழிலோடு தொடர்பே இல்லாத பொதுமக்கள்.

அந்த 3 பேரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர்களுக்கு வேலை தருவதற்காக அந்த வாரியம் ஏற்படவில்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளிக்காக ஏற்பட்டது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை எழுப்பி நடக்கவைக்கிற கை யாருடையது, அவருக்கு என்ன தெரியும், தப்பு நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் அவர்களுடைய கவலை. இனிமேல் அவர்கள் எந்தக் காகிதத்தைக் கேட்டாலும் இந்தக் கண்ணோடு பாருங்கள். "ஏன் இவ்வளவு இழுத்தடிக்கிறார்கள்" என்ற கோபம் பாதி அடங்கிவிடும்.

நம் ஊரில் இந்தப் பழக்கம் இப்போதுதான் வருகிறது. பி.பி.டி. சான்றிதழ் கையில் இருந்தால் போதும், கிளினிக் போர்டு மாட்டிவிடலாம் என்றுதான் பல வருடங்களாக இருந்தோம். 2021-இல் வந்த தேசிய இணை சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டத்தில்தான் நாடு முழுவதற்குமாகப் பிசியோதெரபிக்கும் மாநில மன்றம், பதிவேடு என்றெல்லாம் பேச்சு வந்தது. அதனால் பட்டம் வேறு, உரிமம் வேறு என்பது நம் பிள்ளைகளுக்கு முதலில் புரிவதே இல்லை.

சரி, ஃபைலுக்கு வருகிறேன். அதைப் புரட்டும்போது ஒரு காகிதத்தில் நின்றுவிட்டேன் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கல்லூரி கொடுத்த இன்டர்ன்ஷிப் சான்றிதழ். "ஆறு மாத காலப் பயிற்சியைத் திருப்திகரமாக நிறைவு செய்தார்" என்று ஒரே வரி. கீழே முத்திரை, கையெழுத்து. நம் ஊருக்கு அது போதும். அங்கே போதாது. வெளிநாட்டில் படித்தவருடைய படிப்பு அமெரிக்கப் படிப்புக்கு ஈடாக இருக்கிறதா என்று பார்க்க எஃப்.சி.சி.பி.டி. போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அவை பாடம் பாடமாக எண்ணும். எலும்பியல் வார்டில் எத்தனை மணி நேரம், நரம்பியலில் எத்தனை, இதயம், நுரையீரல் பிரிவில் எத்தனை, யாருடைய மேற்பார்வையில் என்று விவரம் கேட்கும். உங்கள் மகள் அந்த ஆறு மாதமும் காலை எட்டு மணிக்கு வார்டில் நின்றவள். ஆனால் அந்த உழைப்பு காகிதத்தில் ஏறவில்லை. ஏறாத மணி நேரம் அங்கே கணக்கில் வராது.

இதை இப்போதே சரிசெய்துவிட முடியும். அவளுக்கு வார்டில் பயிற்சி கொடுத்த பேராசிரியர்கள் இன்னும் அதே கல்லூரியில் இருக்கிறார்கள், வார்டு வேலையை நாள்வாரியாகக் குறித்த லாக் புத்தகமும் வீட்டில் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து, குழந்தையும் கையுமாக டல்லாஸிலிருந்து போன் போட்டுக் கேட்டால், அந்த ஆபீசில் யார் எடுத்துப் பேசுவார்கள்? மதிப்பெண் விவரப் பட்டியலான டிரான்ஸ்கிரிப்ட் கிண்டியில் உள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். நீங்கள் நகல் எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள், பல்கலைக்கழகமே நேராக மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் சிலபஸ். அவள் சேர்ந்த ஆண்டுக்கு உரிய சிலபஸ்தான் வேண்டும். இணையத்தில் இன்று கிடைக்கும் புதியது அவளுடையதாக இருக்காது.

மதிப்பீடு முடிந்தால் பெரும்பாலும் சில குறைகள் வரும். பயந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2016 முதல் பிசியோதெரபி படிப்பு என்றாலே டாக்டர் பட்டம், டி.பி.டி. என்கிறார்கள். நாலு வருடம் ஏதாவது ஒரு பட்டம், அதற்கு மேல் மூன்று வருடம் பிசியோ. அந்த முதல் பட்டத்தில் அவர்கள் வரலாறு, சமூகவியல், எழுத்துப் பயிற்சி, கணிதம் எல்லாம் படித்துவிட்டு வருகிறார்கள். நம் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்த கையோடு உடற்கூறியலில் நுழைந்துவிடுகிறார்கள். அந்தப் பொதுப்பாட இடைவெளியைச் சிலர் கிளெப் என்ற தேர்வுகள் எழுதி நிரப்புகிறார்கள். தொழில் பாடங்களில் குறை வந்தால் முதுநிலைப் பட்டமான எம்.பி.டி.யோ, ஏற்கெனவே பிசியோ முடித்தவர்களுக்கான இடைநிலை டி.பி.டி. படிப்போ கைகொடுக்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அறிக்கை கைக்கு வரும்முன் எந்தப் படிப்புக்கும் பணம் கட்டாதீர்கள். எது குறை என்று தெரியாமல் நிரப்பப் போய், கட்டிய பணமும் போய், குறையும் அப்படியே நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து தேர்வு. என்.பி.டி.இ. என்பார்கள். எல்லா மாநிலங்களுக்கும் இது ஒன்றுதான். வாரியங்களின் கூட்டமைப்பான எஃப்.எஸ்.பி.பி.டி. நடத்துகிறது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என வருடத்தில் நாலு தடவை. 225 கேள்விகள், 5 மணி நேரம். அவற்றில் 180-க்குத்தான் மதிப்பெண். மீதி 45 சோதனைக் கேள்விகள், எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. 200-லிருந்து 800 வரையான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் 485 டாலர், மையத்துக்கான கட்டணம் தனி. வெளிநாட்டில் படித்தவர்கள் இதற்கு முன் டோஃபெல் போன்ற ஆங்கிலத் தேர்வு எழுதிக் காட்ட வேண்டும். அதில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. பேச்சுப் பகுதியில்தான் நம் பிள்ளைகள் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இன்றிலிருந்தே தினமும் அரை மணி நேரம் வாய் விட்டுப் பேசிப் பழகச் சொல்லுங்கள்.

இந்தத் தேர்வைச் சென்னையில் எழுத முடியாது. அமெரிக்க மண்ணில்தான் எழுத வேண்டும். உங்கள் மகள் எப்படியும் அங்கே போகப்போகிறாள் என்பதால் இது அவளுக்குச் சுமை இல்லை. ஆனால் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்" என்று மட்டும் உட்கார வேண்டாம். 12 மாதத்தில் 3 முறைதான் எழுதலாம். வாழ்நாள் முழுவதற்கும் 6 முறைதான். இரண்டு தடவை 400 அல்லது அதற்குக் கீழே வாங்கினால் அதோடு கதவு மூடிவிடும்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தேர்வு எழுதிவிட்டு வந்தவர்கள் ஞாபகத்தில் இருக்கும் கேள்விகளை எழுதி அடுத்தவர்களுக்குக் கொடுப்பது ஒரு காலத்தில் பெரிதாகப் பரவியிருந்தது. 2010 ஜூலையில் கூட்டமைப்பு ஒரு முடிவெடுத்தது. இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து ஆகிய நாடுகளில் படித்தவர்கள் யாரும் தேர்வு எழுத முடியாது என்று நிறுத்திவிட்டது. பிறகு அவர்களுக்கென்று வருடத்துக்கு ஒரே ஒரு தடவை தனித் தேர்வு வைத்தார்கள். ஒரு வரி கூட வாங்கிப் படிக்காத, விளக்கைப் போட்டு விடிய விடியப் புத்தகம் படித்த எத்தனையோ பிள்ளைகள் அதில் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஏற்பாடு இப்போது இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "ரீகால்ஸ்" என்று யாராவது இன்றும் அனுப்பத்தான் செய்வார்கள். திறந்து பார்க்காமல் அந்தக் குழுவை விட்டு வெளியே வரச் சொல்லுங்கள். பிடிபட்டால் மதிப்பெண்ணும் போகும், உரிமம் கிடைக்கும் வாய்ப்பும் போகும். இவள் செய்யும் தவறு இவளோடு நிற்காது, பின்னால் வரும் நம் பிள்ளைகள் மேலும் விழும். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தேர்ச்சி பெற்ற பிறகு டெக்சாஸின் சட்ட விதிகள் பற்றி ஒரு மதிப்பீடு எழுத வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும், குற்றப் பின்னணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை பெரிய விஷயம் இல்லை.

விசா பெரிய விஷயம். உரிமம் கொடுப்பது மாநிலம். வேலை செய்ய அனுமதி கொடுப்பது மத்திய அரசு. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளாது. மாப்பிள்ளை ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தால் மகள் மனைவிக்கான ஹெச்-4 விசாவில் போவாள். ஹெச்-4-இல் இருந்துகொண்டு தேர்வு எழுதலாம். ஆனால் சம்பளத்துக்கு வேலை செய்ய இப்போதுள்ள விதிப்படி பெரும்பாலும் மாப்பிள்ளைக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு, ஒப்புதல் ஆகியிருந்து, இவளுக்குத் தனி வேலை அனுமதி அட்டை வந்திருக்க வேண்டும். அது ஆகியிருக்கிறதா என்று இன்று இரவே மாப்பிள்ளையிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், உங்கள் மகளின் பிழைப்பு அது. இன்னொன்று, பல மாநிலங்கள் உரிமத்துக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கேட்கின்றன. வேலை அனுமதி இல்லாத ஹெச்-4-இல் அது வராது. விண்ணப்பம் போடும் முன்பே வாரியத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

மகள் தனக்கென்று பிசியோ வேலைக்கான விசாவிலோ கிரீன் கார்டிலோ போவது இன்னொரு வழி. அதற்கு, படிப்பும் ஆங்கிலமும் சரி என்று காட்டும் சுகாதாரப் பணியாளர் சான்றிதழ் தனியாக வேண்டும். பிசியோதெரபிஸ்ட்களை அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆள் பற்றாக்குறைத் தொழிலாக, நர்ஸ்களோடு ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் நடைமுறையில் ஒரு படி குறையும். ஆனாலும் இந்தியர்களுக்கு கிரீன் கார்டு வரிசை நீளமானது.

உரிமம் வரும்வரை அங்கே அவள் என்ன செய்யலாம் என்று அம்மா கேட்டார்கள். கிளினிக்கில் பார்வையாளராகப் போய்ப் பார்க்கலாம். வேலை அனுமதி இருந்தால் உதவியாளராக, தெரபிஸ்டின் நேரடி மேற்பார்வையில் வேலை செய்யலாம். ஆனால் "நான் பிசியோதெரபிஸ்ட்" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. டெக்சாஸில் அந்தச் சொல்லே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. தமிழ்ச் சங்க மருத்துவ முகாமில் நல்ல மனதோடு ஒரு பாட்டியின் தோளைப் பார்த்துக் கொடுத்து, நோட்டீஸில் பெயருக்குப் பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் என்று போட்டுவிட்டால், அது புகாராகப் போக வழி இருக்கிறது.

உரிமம் கிடைத்த பிறகும் வாரியம் கூடவே வரும். 2 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு 30 அலகு தொடர்கல்வி. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். வாரியம் விசாரித்துக் கண்டிக்கலாம், உரிமத்தை நிறுத்திவைக்கலாம், ரத்து செய்யலாம். நடவடிக்கை எடுத்தால் அது ஊரறியப் பதிவாகும். நல்ல பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் எழுத்து வேலையில்தான். உதாரணத்துக்கு, முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் சிகிச்சைக் கட்டணத்துக்கு 15 நிமிடம் ஓர் அலகு. குறைந்தது 8 நிமிடமாவது நோயாளியோடு இருந்தால்தான் அந்த அலகுக்குக் கணக்கு எழுதலாம். ஆறு நிமிடம் இருந்துவிட்டு எட்டு என்று எழுதச் சொல்லும் முதலாளி எங்கும் உண்டு. அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவது முதலாளி இல்லை, உங்கள் மகள்.

வேறு மாநிலம் போனால் கணக்கு மாறும். கலிஃபோர்னியாவில் வெளிநாட்டில் படித்தவர் உரிமம் பெற்ற தெரபிஸ்டின் மேற்பார்வையில் 9 மாதம் வரை பணி செய்து காட்ட வேண்டியிருக்கும். நியூயார்க்கில் மாநிலக் கல்வித் துறையே இதைப் பார்த்துக்கொள்கிறது, புதுப்பிப்பு 3 வருடத்துக்கு ஒரு முறை. 30-க்கு மேற்பட்ட மாநிலங்கள் ஒரு கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கின்றன, டெக்சாஸும் அதில் உண்டு. ஒரு மாநில உரிமத்தை வைத்து மற்றதில் வேலை செய்ய அது வழி தருகிறது. அதெல்லாம் பிறகு. இவளுக்கு மாப்பிள்ளை இருக்கும் மாநிலம்தான் முதல் மாநிலம்.

"எல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம்" என்று ஒரு கன்சல்டன்சி மூன்று லட்சம் கேட்டதாகச் சொன்னீர்கள். என் தங்கை மகளுக்கு இப்படி ஒன்றில் பணம் கட்டினோம். எட்டு மாதம் கழித்து, மாநிலமே தவறாகப் போட்டு விண்ணப்பம் அனுப்பியிருந்தது தெரிந்தது. டிரான்ஸ்கிரிப்டும் டோஃபெலும் மறுபடி முதலிலிருந்து. எல்லாப் படிவமும் வாரியத்தின், கூட்டமைப்பின் தளங்களில் இலவசமாக இருக்கிறது. நாலரை வருடம் உடற்கூறியல் படித்த பெண்ணுக்கு ஒரு படிவம் நிரப்பத் தெரியாதா?

எல்லாம் சேர்த்து ஒன்றரை, இரண்டு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 கணக்குப்படி அங்கே ஒரு தெரபிஸ்டின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 1 லட்சம் டாலருக்குச் சற்று மேல். காத்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை அவள் கல்லூரிக்குப் போகட்டும். லாக் புத்தகத்தை எடுத்துப் போய், முதல்வரைப் பார்த்து, பிரிவுவாரியாக மணி நேரம் போட்ட சான்றிதழுக்கு மனு கொடுக்கட்டும். மனுவின் வாசகத்தை நான் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்து வாங்கியதும் ஃபைலோடு ஒரு நடை வாருங்கள், இந்த முறை கடைசி ஆளாக, ஆறு மணிக்கு மேல். அவசரம் இல்லாமல் உட்கார்ந்து பார்க்கலாம்.