டிப்பருக்கு ஆயில் டேங்க்: முதலில் ஜாக்கியை அளந்து பாருங்கள்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு பத்துச் சக்கர டிப்பர் வாங்கி ஜல்லி, எம்-சாண்ட் ஓட்டுகிறேன். கேபினுக்குப் பின்னால், ஆயில் அழுத்தத்தில் பாடியைத் தூக்கும் நாலு ஸ்டேஜ் ஜாக்கி (ஒன்றுக்குள் ஒன்றாக நாலு குழாய்). குழாய்களின் வெளிவிட்டம் 14.9, 12.9, 11, 9.1 செ.மீ.; ஒவ்வொன்றும் 110 செ.மீ. வெளியே வருகிறது. டேங்க் 60 லிட்டர் இரும்பு, வெல்டிங் ஓரத்தில் கசிகிறது. பாடி முக்கால்வாசி ஏறியதும் பம்ப் கத்துகிறது, ஜாக்கி விட்டு விட்டு ஏறுகிறது. மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்கிறார். பட்டறையில், கசிவை அடைத்துத் தருகிறேன், இல்லாவிட்டால் அதே 60 லிட்டரில் புதுசு அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: அளவுகளை எழுதி அனுப்பினீர்களே, அதுவே பாதி வேலை. பம்பை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை 0.785-ஆல் பெருக்கி, வெளியே வரும் நீளத்தாலும் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் அந்த ஸ்டேஜ் குடிக்கிற ஆயில் லிட்டரில் கிடைக்கும். உங்கள் நாலு ஸ்டேஜையும் கூட்டினால் 51 லிட்டர். உங்கள் டேங்கில், மேலே காற்றுக்கு இடம் விட்டால், 55 லிட்டருக்கு மேல் நிற்காது. பாடி உச்சிக்குப் போகும்போது அடியில் மிஞ்சுவது நாலு லிட்டர்தான், கசிவில் அதுவும் குறைந்திருக்கும். பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கிறது, அதனால்தான் அந்தக் கத்தல். அநேகமாக முந்தைய ஓனர் பெரிய ஜாக்கிக்கு மாறியபோது டேங்கை மாற்றாமல் விட்டிருப்பார்.

ஜாக்கிக்கு 51, பாடி முழுக்க ஏறிய பிறகும் அடியில் நிற்க ஒரு 15, மேலே காற்றுக்குக் கொஞ்சம். 80 லிட்டர் டேங்க் வாங்குங்கள். ஆயில் அளவை எப்போதும் பாடி இறங்கியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். தூக்கி வைத்துக்கொண்டு நிரப்பினால், இறக்கும்போது அத்தனையும் மூடி வழியாகக் கொட்டும்.

கசிவை அடைப்பது வேண்டவே வேண்டாம். ஆயில் ஊறிய டேங்கில் வெல்டிங் நெருப்பு பட்டால் உள்ளே தேங்கிய ஆவி வெடிக்கும். கையும் முகமும் போன பிறகு டேங்க் மிச்சமாகி என்ன பயன்?

இரும்பா அலுமினியமா என்றால், கிரஷர் ரோட்டில் ஓடும் வண்டிக்கு நான் இரும்பே சொல்வேன். அலுமினியம் துருப்பிடிக்காது, சூட்டையும் சீக்கிரம் விடும். ஆனால் டேங்கைப் பிடித்திருக்கும் பட்டி உரசிக் கீறல் விட்டால் ஆர்கான் வெல்டிங் தேடி அலைய வேண்டும். ஜிங்க் பூசிய தகட்டில் மட்டும் அடிக்கச் சொல்லாதீர்கள். ஆயிலில் கலந்திருக்கும் மருந்துகள் ஜிங்க்கோடு சேர்ந்து கெட்டுப்போகும். உள்பக்கம் சாதாரண பெயிண்டும் கூடாது, உரிந்து வந்து ஃபில்டரை அடைக்கும்.

அளவைவிட எனக்குக் கவலை டேங்கை மாட்டுகிற இடம். பட்டறை தொடங்கிய புதிதில், ஹோஸ் மிச்சமாகும் என்று ஒருவருக்கு டேங்கைச் சேசிஸுக்குக் கீழே, பம்பைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டேன். இரண்டே மாதத்தில் பம்பின் பல்லெல்லாம் அரித்துப்போயிற்று. புதுப் பம்புக்கு என் கைக்காசைக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரே கணக்குதான்: பாடி முழுக்க ஏறி, டேங்கில் ஆயில் அடியில் நிற்கும் நேரத்திலும் அந்த மட்டம் பம்பின் வாய்க்கு மேலே இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் கேபினுக்குப் பின்னால், ஜாக்கிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் இது சுலபமாக அமையும். சைலன்ஸர் பக்கம் போகாதீர்கள்.

டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் குட்டையாக, இரண்டு இஞ்ச் விட்டத்தில், உள்ளே கம்பிச் சுருள் வைத்ததாக இருக்கட்டும். சும்மா ரப்பர் ஹோஸ் என்றால் இழுப்பில் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். அந்த லைனில் வால்வு வைத்தால், திறந்த நிலையில் கைப்பிடியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். மூடியிருப்பது தெரியாமல் டிரைவர் பி.டி.ஓ.வை (இன்ஜின் சுழற்சியைப் பம்புக்குக் கொடுக்கும் இணைப்பை) போட்டால் சில நிமிஷத்தில் பம்ப் காலி. இழுக்கிற வாய் டேங்கின் தரையிலிருந்து இரண்டு இஞ்ச் மேலே. திரும்பி வரும் லைன் எதிர்ப்பக்கம், ஆயிலுக்குள் முங்கி, நடுவில் ஒரு தடுப்புத் தகடு. மூச்சு விடும் மூடி கட்டாயம் ஃபில்டர் உள்ளதாக இருக்கட்டும், எம்-சாண்ட் தூசி எந்தச் சந்திலும் புகும்.

சேசிஸில் வெல்டிங் வைக்காதீர்கள். அதன் மேல், கீழ் மடிப்புகளில் ஓட்டையும் போடாதீர்கள்; நிற்கிற பக்கவாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் 8.8 கிரேடு போல்ட் போட்டால் போதும். லோடைக் கொட்டும்போது சேசிஸ் முறுக்கும், அதனால் பட்டிக்கும் டேங்குக்கும் நடுவில் ரப்பர் வையுங்கள்.

மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற வேலூர் வெயிலுக்கு நான் 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில்தான் ஊற்றுகிறேன் (நம்பர் கூடினால் ஆயில் கெட்டி). பம்ப் கம்பெனி 46 என்று சொல்லியிருந்தால் அதையே ஊற்றுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள். ஊற்றும் முன் டேங்கில் கையை விட்டு வெல்டிங் பொறித் துணுக்குகளை ஒன்றுவிடாமல் துடைத்தெடுங்கள். பிறகு இன்ஜினை ஐடிலில் வைத்து, காலிப் பாடியைப் பாதி வரை மூன்று நான்கு தடவை ஏற்றி இறக்கினால் லைனில் இருக்கிற காற்று போய்விடும்.

இந்த வேலை முடியும்வரை, தூக்கிய பாடிக்குக் கீழே முட்டு கொடுக்காமல் யாரும் தலையை நீட்டக் கூடாது. உங்கள் கிளீனர் பையனிடமும் நீங்களே சொல்லுங்கள் சார், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் டிப்பர் டேங்கில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கிறது. தொடர்ந்து ஓட்டலாமா?
- ஒரு டிரைவர், ராணிப்பேட்டை

பதில்: ஓட்டாதீர்கள் தம்பி, தண்ணீர் கலந்துவிட்டது. வாட்டர் சர்வீஸில் மூச்சு மூடி மேலேயே பிரஷரில் அடித்திருப்பார்கள். பாடியை முழுக்க இறக்கி, டேங்கைக் காலி செய்து துடைத்து, ஃபில்டரை மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள். ஜாக்கிக்குள்ளும் கொஞ்சம் பழசு தங்கும். பத்து நாள் ஓட்டிப் பார்த்து மறுபடி வெளுத்தால் இன்னொரு முறை மாற்ற வேண்டிவரும். அடுத்த தடவை வண்டி கழுவும் முன் அந்த மூடிக்கு ஒரு பாலித்தீன் பை கட்டுங்கள், கழுவியதும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.